இரத்தம் முதலில் கறுப்பாக வேண்டும்

பிப்ரவரி 9

‘மாப்பிள்ளை’ என்று எழுதி அடித்துவிட்டேன். ‘அன்புள்ள ஐயா’ என்று எழுதிப் பார்த்தேன். தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுப்பதுபோல் இருந்தது. விவாகரத்துத் தீர்ப்பில் பீரோ யாருக்கு, தையல் மிஷின் யாருக்கு என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. மாமனார் இனிமேல் மருமகனை எப்படி அழைக்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. ஆகவே யாரையும் அழைக்காமல் தொடங்குகிறேன்.

போன மாதம் ஜலதோஷம் என்று குடும்ப டாக்டரிடம் போனேன். அவர் என் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடது பக்கம் வைத்தவர் எடுக்கவே இல்லை. “உஸ்ஸு உஸ்ஸுனு கேக்குது சார்” என்றார். அகலமான தெருவில் வந்த காற்று சந்துக்குள் நுழைந்தால் அப்படித்தான் கேட்கும். வேலைக்காலம் முழுவதும் வானிலை அலுவலகத்தில் அதைத்தானே படித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் இடது கழுத்துக் குழாய் எழுபது சதவீதம் அடைபட்டிருக்கிறதாம். அடைத்திருக்கும் படிவு வெள்ளையாக, கெட்டியாக, சுண்ணாம்பு ஏறியது என்று எழுதிக் கொடுத்தார்கள். தலைமை அறுவை மருத்துவர் படத்தை மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கல்லு மாதிரி இருக்கு. கல்லு எங்கயும் போகாது. மாத்திரை போடுங்க, நடங்க.”

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் சந்தேகம் பிடித்தது. எல்லோரையும் சந்தோஷப்படுத்தும் முன்னறிவிப்பை நான் என்றைக்கும் நம்பியதில்லை. ‘வானம் தெளிவாக இருக்கும்’ என்று வானொலிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் குடையோடு வீட்டுக்குப் போன ஆள் நான். அலுவலகத்தில் எனக்குப் பெயரே ‘குடை’ என்பது உங்களுக்குத் தெரியும்.

கழுத்துக் குழாயின் அடைப்பு எதனால் ஆனது என்று ஸ்கேன் படத்தில் அளந்து சொல்வதுதான் உங்கள் பிழைப்பு. அந்தப் படங்கள் உள்ள சி.டி.யை இத்துடன் அனுப்புகிறேன். பார்த்துச் சொல்லுங்கள். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் உங்களிடம் கேள்வி கேட்டால், லைன் துண்டாகிவிட்டதா என்று கேட்டவர்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

என் மகளுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

குடை

பி.கு. கடைசியாக வந்தபோது என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள். அதை மன்னித்துவிட்டேன். என் குடையை எடுத்துக்கொண்டு போனதை மன்னிக்கவில்லை.

*

பிப்ரவரி 22

மாமா,

அப்படித்தான் அழைக்கப் போகிறேன். தீர்ப்பில் அதற்குத் தடை ஒன்றும் இருப்பதாக நினைவில்லை.

சி.டி. கிடைத்தது. ஓய்வு நேரத்தில் பார்க்காமல், வேலை நேரத்திலேயே, வேலை செய்யும் திரையிலேயே பார்த்தேன்.

உங்களுக்குப் புரியும்படி எழுத முயல்கிறேன். நாங்கள் கழுத்தில் ஒலியை அனுப்புகிறோம். எதில் மோதி எவ்வளவு திரும்பி வருகிறதோ, அதற்கேற்பத் திரையில் ஒரு புள்ளி வெளுக்கும். மென்மையான கொழுப்பு, கசிந்து உறைந்த இரத்தம் ஆகியவற்றிலிருந்து அதிகம் திரும்பி வராது. அவை கறுப்பாகத் தெரியும். நார் வெளுப்பாகத் தெரியும். சுண்ணாம்பு பளிச்சென்று இருக்கும். வெளுப்பான அடைப்பு பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும். கறுப்பான அடைப்பு உடையக்கூடியது. உடைந்து ஒரு துணுக்கு மேலே போனால் பக்கவாதம். ஆகவே எத்தனை சதவீதம் அடைபட்டிருக்கிறது என்பதைப்போலவே எதனால் அடைபட்டிருக்கிறது என்பதும் முக்கியம்.

சிக்கல் இதுதான். படத்தின் பிரகாசத்தைக் கூட்ட மிஷினில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் எல்லாமே வெளுக்கும். அதனால் முதலில் குழாய்க்குள் ஓடும் இரத்தத்தைப் பார்க்க வேண்டும். அது சுத்தக் கறுப்பாக இருக்க வேண்டும். குழாயின் வெளிச்சுவர் நல்ல வெள்ளையாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் இடையில் உள்ளதைப் பற்றிப் பேசலாம். உங்கள் படத்தில் இரத்தமே விடிகாலை மூடுபனிபோல் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. தவிர, சுண்ணாம்பு என்றால் அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் விழ வேண்டும், சுவருக்குப் பின்னால் விழுவதுபோல். உங்கள் ‘கல்லு’க்கு நிழல் இல்லை.

கணினியில் இருட்டாக்கிப் பார்த்தேன். ஒரேயடியாக வெளுத்துப்போன இடத்தில் முதலில் என்ன இருந்தது என்று திரும்ப எடுக்க முடியாது. ஆகவே மென்மையா கெட்டியா என்று இதை வைத்துச் சொல்ல இயலாது. மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.

உங்கள் குடை பத்திரமாக இருக்கிறது.

*

மார்ச் 5

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கடைசி வார்த்தையைப் பார்த்ததும் யார் எழுதியது என்பதில் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று.

‘பார்க்கலாம்.’ என் மகள் உங்களுக்கு அந்தப் பெயரை வைத்தபோது நான் அவளைக் கடிந்துகொண்டேன். இப்போது வாபஸ் வாங்குகிறேன். அவள் லிஃப்ட்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பவள். ஓட்டலாம், ஓட்டக்கூடாது, அவளுடைய படிவத்தில் மூன்றாவது கட்டம் கிடையாது. அப்படிப்பட்டவள் உங்கள் எதிரே நின்று, “நான் போகட்டுமா, இருக்கட்டுமா, ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டாளாம். நீங்கள், “உனக்கு எது சரின்னு படுதோ பார்க்கலாம்” என்றீர்களாம். அவளுக்குப் பெட்டி கட்ட வேண்டும் என்று பட்டது.

எனக்கும் அதே மருந்தா? கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. கல் என்கிறது. நீங்கள் கல் இல்லை என்றும் சொல்லவில்லை, கல் என்றும் சொல்லவில்லை. மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம் என்று நான் எழுதினால் வானொலிக்காரர் என்னைத் திட்டுவார். உங்களை யாரும் திட்டுவதில்லை போலிருக்கிறது.

மறுபடி ஸ்கேன் எடுக்கப் போவதாக இல்லை. எனக்கு ஸ்கேன் எடுத்த அம்மா நல்ல மாதிரி. ‘நீங்கள் எடுத்த படம் சரியில்லை’ என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

*

மார்ச் 16

மாமா,

எல்லோரும் நான் சொல்லாததைத்தான் கேட்டார்கள். சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவள் அப்படிக் கேட்பதற்கு முந்திய வாரம், மாடி அறையை அவள் வேலை செய்யும் அறையாக மாற்ற, நீளமான மேசை ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தேன். போகப் போகிறவளுக்கு யாரும் மேசை செய்வதில்லை. அவள் போன பிறகு அது வந்தது. இப்போது உங்கள் சி.டி. அதன்மேல்தான் இருக்கிறது.

நான் சொன்னதை நீங்களாவது கேளுங்கள். கல் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் படத்தை வைத்துக் கல் என்று யாரும் சொல்ல முடியாது என்றேன். மழைமானியில் பூஜ்யக் கோடே தப்பாக இருந்தால் நீங்கள் அந்த அளவை வானொலிக்குக் கொடுத்திருப்பீர்களா? மாட்டீர்கள். இன்னொரு மானியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தியிருப்பீர்கள். நீங்கள் கத்தியதை நானே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

ஸ்கேன் அம்மாவிடம் அவர் எடுத்தது தப்பு என்று சொல்ல வேண்டாம். இரத்தம் கறுப்பாகத் தெரியும் வரை குமிழைக் குறைத்து, இன்னொரு படம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவரே புரிந்துகொள்வார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் முட்டாள்கள் இல்லை.

போங்கள். இதில் பார்க்கலாம் கிடையாது.

*

மார்ச் 29

போனேன்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்காகப் போனேன். மழைமானியைப் பற்றி எழுதியதும் ஒரு காரணம். என் தொழிலை வைத்துக் கேட்டால் நான் எப்போதும் இளகிவிடுவேன்.

ஸ்கேன் அறையில் இருந்த அம்மா என்னைப் பார்த்ததும், இத்தனை சீக்கிரம் ஏன் வந்தீர்கள் என்றார். இரத்தம் கறுப்பாகத் தெரிய வேண்டும் என்றேன். ஜெல் டியூபைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

“ரத்தம் கறுப்பா வேணும்னு கேட்ட முதல் பேஷண்ட் நீங்கதான் சார். யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

மருமகன் என்றேன். முன்னாள் என்பதைச் சேர்க்கவில்லை. ஜெல் சில்லென்று இருந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பெரிய டாக்டருக்குக் கண்ணில் புரை முற்றிக்கொண்டிருக்கிறதாம். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால், “என்னம்மா இது, கரி பூசி அனுப்பியிருக்கே” என்று எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்புவாராம். அதனால் அந்த அறையில் யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே குமிழைக் கூட்டக் கற்றுக்கொடுத்துவிடுவார்களாம். பல வருடப் பழக்கம். புதிய மிஷின் வந்தபோதும், அதன் பிரகாசத்தைப் பழைய மிஷினுக்குச் சமமாக ஏற்றிவைத்துவிட்டுத்தான் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார்களாம்.

பெரிய டாக்டரிடம் கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லலாமே என்றேன். “யாரு சார் சொல்றது?” என்றார். நானும் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவன். கழுத்தை நீட்டிக்கொடுத்தேன்.

அந்த அம்மா வாய் ஓயாமல் பேசுகிறவர். பக்கத்து வீட்டு நாய், மகளுடைய பரீட்சை, கேண்டீன் டீ எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஒலி அனுப்பும் புரோபைக் கழுத்தில் வைத்தார். மற்றொரு கையால் குமிழைக் குறைத்தார். இரத்தம் கறுத்தது, எனக்கே தெரிந்தது. அதன் பிறகு அவர் பேசவில்லை. டீயைப் பற்றிய வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டார்.

கடலோரத்தில் காற்றை அளக்க நாங்கள் ஆட்களை வைத்திருந்தோம். அவர்கள் மணிக்கு மணி போன் செய்வார்கள். போன் வருவது நின்றால்தான் நாங்கள் எழுந்து நிற்போம்.

புதிய சி.டி. இதோடு இருக்கிறது. என் கண்ணுக்குத் தெரிந்ததை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள்.

*

ஏப்ரல் 9

மாமா,

இரத்தம் கறுப்பு. வெளிச்சுவர் வெள்ளை. ஸ்கேன் அம்மா நன்றாக எடுத்திருக்கிறார், அவரிடம் சொல்லுங்கள்.

அடைப்பின் பெரும்பகுதி ஏறக்குறைய இரத்தத்தின் அளவுக்கே கறுப்பு. அளந்தேன். அறையில் இருந்த இன்னொருவரையும், யாருடைய படம் என்று சொல்லாமல், அளக்கச் சொன்னேன். அவருக்கும் அதே அளவு வந்தது. அது கல் இல்லை. உள்ளே மெத்தென்ற கொழுப்பு, அதோடு அநேகமாகக் கசிந்த இரத்தம். மேலே மூடியிருக்கும் தோல் மெல்லியது. ஓர் இடத்தில் அந்தத் தோலே எனக்குத் தெரியவில்லை.

இப்போது கணக்கு. என் அறையில் நாங்கள் சொல்லும் கணக்கு இது. உங்கள் ஊர் டாக்டர் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லலாம். இப்படிப்பட்ட படிவு உள்ள நூறு பேரில் வருடத்துக்கு நாலைந்து பேருக்குப் பக்கவாதம் வரும். சும்மா இருந்தால் வருடா வருடம் அந்த நூறு பேரோடு வரிசையில் நிற்க வேண்டும். கழுத்தைத் திறந்து படிவை வழித்தெடுக்கலாம். அந்த ஆபரேஷனிலேயே நூறில் மூன்று பேருக்குப் பக்கவாதம் வருகிறது. அது ஒரே ஒரு நாள் வரிசை. அதைத் தாண்டினால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய டாக்டரிடம் காட்டுங்கள். அறையில் நல்ல விளக்கு இருக்கட்டும்.

*

ஏப்ரல் 19

இரண்டு படங்களையும் காட்டினேன். ஸ்கேன் அம்மாவும் கூட வந்தார், நான் கேட்காமலே. அவரே பேசினார். பெரிய டாக்டர் வெகுநேரம் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அந்த அம்மாவிடம், “எவ்வளவு நாளா இப்படி வெளுப்பாக் குடுக்கிறீங்க?” என்று கேட்டார். அவர் பழைய படத்தை எடுத்து உறைக்குள் போட்டார். டாக்டர் இரண்டாம் முறை கேட்கவில்லை. எனக்கு முன்னால் வந்துபோன கழுத்துகளை அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம், முடிவு உங்களுடையது என்றார். கத்தியைப் பிடிப்பது தான் இல்லை, தன் உதவியாளர் என்பதையும் அவராகவே சொன்னார். அதற்குத் தைரியம் வேண்டும்.

ஆக, நீங்கள் ஒரு கணக்குக் கொடுத்தீர்கள், அவர் ஒரு முடிவைக் கொடுக்காமல் விட்டார். நான் வாழ்நாள் முழுக்க ஜனங்களுக்கு ‘வாய்ப்பு’ என்ற வார்த்தையைக் கொடுத்தேன். மீன்பிடிக்கப் போகிறவன் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து, “சார், அதெல்லாம் இருக்கட்டும், நான் போகட்டுமா வேண்டாமா” என்று கேட்பான். எவ்வளவு எரிச்சல் வரும் தெரியுமா? இப்போது நான்தான் படகோடு நிற்கிறேன்.

கேட்கிறேன். உங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நூறு பேரைப் பற்றி எழுதாதீர்கள். அவர்களில் எனக்கு யாரையும் தெரியாது.

*

ஏப்ரல் 28

மாமா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நாலிலும் ‘ஆனால்’ இருந்தது.

ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்.

அவளிடம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் சொல்லுங்கள். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

*

மே 7

அவளிடம் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் மறைத்ததற்கு என்னைத் திட்டினாள், தேதி கேட்டாள், லீவு போட்டாள், ஆஸ்பத்திரி லிஃப்டின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று அங்கே ஒருவரோடு சண்டை போட்டாள். பிறகு ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள். உங்களைப் பற்றி நான் சொல்லவில்லை.

வரும் வியாழக்கிழமை. வானம் எப்படி இருக்கும் என்று பார்க்கவில்லை. உள்ளே படுத்திருப்பவனுக்கு எதற்கு.

*

மே 30

மாமா,

வியாழக்கிழமை போய் இரண்டு வாரம் ஆகிறது. கடிதம் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழைக்கவில்லை. அவள் எடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்தால் அது இன்னும் மோசம்.

வேலையில் ஒருவர் கழுத்தை நேற்றுப் பார்த்தேன். உங்களுடையதுபோலவே இருந்தது. அவருடைய மனைவி, என்ன செய்யட்டும் என்று கேட்டார். டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு வரி போதும். யார் எழுதினாலும் சரி.

*

ஜூன் 21

மாப்பிள்ளை,

இந்த முறை அடிக்கவில்லை. இடது கையால் எழுதுகிறேன். இந்த ஒரு வார்த்தைக்கே அரை டம்ளர் காப்பி ஆறிவிட்டது. இத்தனை பாடுபட்டு எழுதியதை அடிக்க மனம் வராது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வலது கை வரவில்லை. வலது கால் பாதி வந்தது. பேச்சு வருகிறது, தாமதமாக. நேற்றைய மழையை இன்று அறிவிக்கும் செய்திபோல். தினமும் ஒரு பெண் வந்து கையை நீட்டி மடக்குகிறாள். ஆள்காட்டி விரல் நேற்று என் பேச்சைக் கேட்டது.

வழித்தெடுத்ததைக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். மஞ்சளாக, கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி, நடுவில் கறுத்த இரத்தம். கல் ஒரு துளியும் இல்லை. நீங்கள் அளந்தது சரி. பெரிய டாக்டர் அதைத் தன் முகத்தருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணுக்கு அடுத்த வாரம் ஆபரேஷனாம். ஸ்கேன் அறையில் குமிழைக் குறைத்துவிட்டார்கள். முன்பு படம் எடுத்த நோயாளிகளை எல்லாம் மறுபடி கூப்பிடுகிறார்கள். அந்த அம்மா தன் டிபனைக்கூட அங்கேயே சாப்பிடுகிறாராம்.

நீங்கள் இப்போது என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வேலை பார்த்தவன். நூறில் மூன்று என்று எழுதினீர்கள். நான் அந்த மூன்றில் நின்றேன். முன்னறிவிப்புத் தவறவில்லை. மழை பெய்தது, நான் நனைந்தேன். சும்மா இருந்திருந்தால் இதைவிடப் பெரிதாக நனைந்திருக்கலாம், நனையாமலே இருந்திருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியாது. என்னிடம் அதை அளக்கக் கருவி இல்லை, உங்களிடமும் இல்லை.

படகுக்காரன் கேட்டான், நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. அந்த மனைவியிடம் திரும்பிப் போய்ப் பேசுங்கள். வெளியே வந்து நிற்காதீர்கள்.

இனி மகளைப் பற்றி. யார் சொல்லி இதைச் செய்துகொண்டீர்கள் என்று அவள் பல முறை கேட்டாள். எனக்குப் பேச்சு வர நேரமாகும் என்பதால் தப்பித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் உங்கள் ஏப்ரல் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன், நாலு வரி உள்ளதை. லிஃப்ட் கம்பியைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு இழையாகப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன்.

“இது அவரா எழுதினாரு?” என்றாள்.

தலையை ஆட்டினேன்.

“இப்படி நேராவா?”

அதற்கும் ஆட்டினேன். மார்ச் மாதக் கடிதத்தையும் கொடுத்தேன், மேசையைப் பற்றி எழுதியதை. அதை வாங்கிக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் நின்று படித்தாள். திரும்பி வர நேரமாயிற்று. என் பேச்சைவிடத் தாமதம்.

குடையைக் கொண்டுவந்து கொடுக்க அவரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அந்த வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் என் வாயைத் துடைத்துவிட்டாள், போர்வையைச் சரிசெய்தாள், மருந்துப் புட்டிகளை உயர வாரியாக அடுக்கினாள்.

“பாக்கலாம்” என்றாள்.

பிறந்ததிலிருந்து அவளைத் தெரியும். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

குடை